நாலு வாளி மண்: ஸ்காபரோ பின்வளவில் ஒரு நிகழ்வு ஆய்வு

முறைப்பாடு இதுதான். விதை போட்டு ஏழு கிழமை ஆகியும் கஞ்சாச் செடி ஒரு சாண் உயரத்தைத் தாண்டவில்லை. அடியிலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. தண்டும் இலைக்காம்பும் ஊதா. மேலிலைகள் மட்டும் கரும்பச்சையாக, நுனி கருகி, கீழ்நோக்கிக் கொக்கியாய் வளைந்திருக்கின்றன. "பசி தம்பி, பசளை காணாது" என்று வீட்டுக்காரர் தானே நோயைச் சொல்லி, மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுக்கக் கொடுக்க நோய் கூடியது.

இடம் ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோ. நான் அண்ணை என்று கூப்பிடும் இந்த வீட்டுக்காரர் தனியொரு ஆள் அல்ல. முதன்முறை கஞ்சா வளர்ப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை ஒருவர் தலையில் ஏற்றி மாதிரி நிகழ்வாக எழுதியிருக்கிறேன். அறிகுறி, காரணம், வைத்தியம் எல்லாம் தோட்டக்கலை அறிந்தவர்கள் ஒத்துக்கொள்ளும் விடயங்கள், ஆள்தான் கலவை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்ரோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர், சட்டப்படி விற்கப்படும் விதையையோ நாற்றையோ வாங்கித் தன் பாவனைக்கு வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு 4 செடி. ஆளுக்கு நாலு என்று நினைப்பவர்கள் நிறைய. வீட்டில் ஐந்து பெரியவர்கள் இருந்தாலும் நாலுதான். வாடகை வீட்டிலும் கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீட்டிலும் உடன்படிக்கை அந்த நாலையும் தடுக்கலாம். கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பை முற்றாகத் தடை செய்தது. அந்தத் தடை செல்லும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. மனிற்றோபா தன் தடையை 2025இல் விலக்கிக்கொண்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வீட்டில் ஒரு செடி வைத்திருப்பதும் குற்றம், இலங்கையிலும் அப்படியே. அங்கிருந்து வாசிப்பவர்கள் இதைச் சாடியில் வளரும் தக்காளிக்கும் மிளகாய்க்குமான குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இதில் சொல்லப்படும் வேர்ப் பிரச்சினை அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

நடந்தது

"நான் ஊரில வெங்காயமும் மிளகாயும் செய்தனான். மண்ணைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதை." அண்ணையின் முதல் வாக்கியம் இது. வெறும் பெருமை என்று தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடப்பது. தண்ணீர் விட்டால் மளமளவென்று உள்ளே இறங்கிவிடும். கிணற்றால் இறைத்துப் பாத்தி பாத்தியாய்க் கட்டி, கோடையில் ஒரு முறை தவறினாலும் பயிர் வாடும் நிலம் அது. அங்கே தண்ணீர் விடச் சோம்பாதவன்தான் நல்ல தோட்டக்காரன். அந்த மண்ணுக்கு அது சரியான அறிவு. பிரச்சினை என்னவென்றால், அந்த அறிவை அவர் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் கொண்டுவந்தார்.

ஏப்ரல் கடைசியில், கட்டடக் கடையில் விற்கும் 20 லீட்டர் வாளிகள் நாலு வாங்கினார். அடியில் ஆணியால் மூன்று மூன்று ஓட்டை. "தண்ணி வடியட்டும்" என்று அதன்மேல் இரண்டு அங்குலத்துக்குச் சல்லிக்கல். பிறகு பின்வளவில் கிண்டிய களிமண் பாதி, 'பிளாக் ஏர்த்' என்று எழுதிய மலிவுப் பை மண் பாதி. பார்க்கக் கறுகறுவென்று அழகாக இருந்ததாம். இருக்கும். கனடாவின் தோட்டக் கடைகளில் வசந்தகாலத்தில் மலைபோல் அடுக்கிவைத்து விற்கும் இந்தப் பை மண், நன்றாக மக்கி நுணுகிய சதுப்பு நிலப் பொருள். நிலத்தில் தூவிக் கொத்திவிட நல்லது. சாடிக்கு ஆகாது: துகள்கள் மிக நுண்மையானவை, காற்றுக்கு இடமே இல்லை. முதன்முறை வளர்ப்பவரின் காசைக் கரைப்பது விலையுயர்ந்த பசளை என்பார்கள். என் கணிப்பில் இந்த மலிவுப் பைதான்.

விதைகளை ஒவ்வொன்றாக நேரே அந்த வாளிகளில் ஊன்றினார். காலையில் ஒரு செம்பு, பின்னேரம் ஒரு செம்பு தண்ணீர். இரண்டு அங்குல நாற்றுக்கு 20 லீட்டர் மண் என்பது குடிக்க ஆளில்லாத குளம். ஊற்றியது முழுக்க அப்படியே கிடக்கும்.

மே நடுப்பகுதியில் ஒரு வெயில் நாளை நம்பி எல்லாவற்றையும் வெளியே வைத்தார். ரொறன்ரோவில் மே 24ஐ ஒட்டி வரும் விக்டோரியா தினத்து நீண்ட வாரவிடுமுறை வரும்வரை தக்காளியைக்கூட வெளியே விடுவதில்லை என்பது பழைய வழக்கம். இரவுக் குளிர் அதுவரை நம்பத்தக்கதல்ல. அப்படியே வைத்தாலும் ஒரு கிழமை, பத்து நாளுக்குப் பகலில் சில மணி நேரம் நிழலில், பிறகு வெயிலில் என்று பழக்க வேண்டும். இவர் பழக்கவில்லை. குளிர்ந்த, ஈரமான மண்ணில் வேர் பொசுபரசை எடுக்கத் திணறும், தண்டு ஊதாவாகும். (சில இனங்களுக்குப் பிறவியிலேயே ஊதாத் தண்டு, அதையும் நோய் என்று பிடித்து வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு.) அண்ணையின் மருமகன் தொலைபேசியில் தேடிப் பார்த்து "பொசுபரசுக் குறை" என்றார். அடுத்த நாளே 15-30-15 (நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்ற வரிசை) என்று எழுதிய நீலப் பசளை வந்தது. பையில் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு, கிழமைக்கு இரண்டு தரம். அடியிலை மஞ்சளானதும் "மக்னீசியக் குறை" என்று எப்சம் உப்பு. ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒவ்வொரு தூள்.

பார்த்ததும் தோண்டியதும்

முதலில் வாளியைத் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. கருவி எதுவும் தேவையில்லாத முதல் பரிசோதனை இதுதான். தண்ணீர் குறைந்த சாடி கையில் லேசாக வரும்.

இரண்டாவது, தொங்கும் இலையைத் தொட்டுப் பார்ப்பது. தாகத்தில் வாடிய இலை துவண்டு, மெலிந்து, துணிபோல் இருக்கும். தண்ணீர் கூடி வாடிய இலை காம்பிலிருந்தே வளைந்து தொங்கும், ஆனால் தடிப்பாக, இறுக்கமாக இருக்கும். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால்தான் நீரில் மூழ்கும் செடிக்கு இன்னும் தண்ணீர் ஊற்றப்படுகிறது. இங்கே இலை இறுக்கமாக இருந்தது. மேல்மண் காய்ந்து, வெள்ளை உப்புப் படலம் பூத்திருந்தது. "காய்ஞ்சு போச்சு" என்று அண்ணை சொன்னது அதைப் பார்த்துத்தான். விரலை விட்டால் ஓர் அங்குலத்துக்குக் கீழே சேறு. வாளியைத் தட்டியதும் சின்னக் கறுப்பு ஈக்கள் கூட்டமாய் எழும்பின.

இலைகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சாட்சி சொன்னதுதான் என்னை நிறுத்தியது. நைதரசன், மக்னீசியம், பொற்றாசியம் மூன்றும் செடிக்குள் நகரக்கூடியவை. குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுக்கும், அதனால் அடியிலைதான் முதலில் பாதிக்கப்படும். இரும்பும் கல்சியமும் நகராதவை. குறைந்தால் குருத்தில் தெரியும். இந்தச் செடியின் அடியிலை நைதரசன் இல்லை என்றது. மேலிலையோ கரும்பச்சையாய், கொக்கியாய் வளைந்து, நைதரசன் மிதமிஞ்சிவிட்டது என்றது. ஒரே செடியில் பட்டினியும் அசீரணமும் சேர்ந்து வந்தால் உணவைச் சந்தேகிப்பதில் பயனில்லை. வாயைப் பார்க்க வேண்டும். செடிக்கு வாய் வேர்.

வாளி ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீரை மெல்ல ஊற்றி, அடியால் வந்ததைப் பிடித்து அளந்தோம். அமில நிலை காட்டும் பிஎச் 5.5க்குக் கீழே. மண் கலந்த சாடிக்கு 6இலிருந்து 7க்குள் இருப்பது வசதி. அதற்கு வெளியே போகப் போக, மண்ணில் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானி 4 மில்லிசீமன்ஸ் என்றது. இளஞ்செடிக்கு ஒன்று, ஒன்றரை போதும். மண்ணில் உப்பு இவ்வளவு கூடினால் வேரால் தண்ணீரை இழுப்பதே கடினம். இலை நுனி கருகியது அதனால்.

பிறகு ஒரு செடியை மண்ணோடு மெல்லக் கிளப்பினோம். வேர் மேல் மூன்று விரல் மண்ணுக்குள் மட்டும் படர்ந்திருந்தது. நுனிகள் பழுப்பு. அதற்குக் கீழே ஒரு நூல்கூட இல்லை. அடிமண் சாம்பல் நிறமாகி, அழுகிய முட்டை மணம். காற்றுப் போகாத சேற்றில் வாழும் பக்ரீரியாக்கள் விடும் வாயு அது.

"பசளை கிடக்குது, சாப்பிட ஆளில்லை" என்றேன். அண்ணை பதில் சொல்லவில்லை. அடிமண்ணில் ஒரு பிடியை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு தரம் மணந்து பார்த்தார்.

சாடி நிலம் அல்ல

நிலத்தில் விடும் தண்ணீர் இறங்குவது புவியீர்ப்பால் மட்டும் அல்ல. கீழே தொடர்ந்து மண் இருப்பதால் அந்த மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சாடியில் மண் திடீரென்று முடிகிறது. இழுக்க ஆளில்லை. அதனால் அடியில் ஓர் அடுக்குத் தண்ணீர், ஓட்டை இருந்தாலும், வடியாமல் மண்ணுக்குள் தொங்கி நிற்கும். அந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது சாடியின் அளவு அல்ல, துகளின் பருமன். நுண்ணிய மண் என்றால் உயரமான அடுக்கு, பரும்படியான கலவை என்றால் ஓரிரு அங்குலம்.

வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். ஸ்பொஞ் மாறவில்லை, உயரம் மாறியது. அண்ணையின் சல்லிக்கல் இங்கேதான் காலை வாரியது. நுண்ணிய மண்ணுக்குக் கீழே பெரிய கல் இருந்தால் தண்ணீர் அந்த எல்லையை எளிதில் தாண்டாது. தொங்கும் ஈர அடுக்கு அப்படியே கல்லுக்கு மேலே ஏறி உட்காரும். வடிகால் கூடவில்லை, வேருக்கிருந்த இடம் இரண்டு அங்குலம் குறைந்தது. தலைமுறை தலைமுறையாக எல்லா ஊரிலும் சாடியின் அடியில் கல்லும் ஓட்டுத்துண்டும் போடுகிறார்கள். ஓட்டையால் மண் கொட்டாமல் தடுக்க ஒரு வலைத்துண்டு போதும்.

வேரும் மூச்சு விடும். அதற்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. துளை எல்லாம் தண்ணீரால் அடைபட்டால் வேர் மூச்சு முட்டும். சத்தை உள்ளே இழுக்க அதற்குச் சக்தி வேண்டும், அந்தச் சக்தி இல்லை. மேலே மஞ்சள் தெரியும். வீட்டுக்காரர் பசளை போடுவார். உப்பு கூடும். இருக்கும் நாலு வேரும் எரியும்.

பசளைப் பையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கஞ்சா வளர்ப்பவர்களிடம் வேரூன்றிய ஒரு நம்பிக்கை அதில் இருக்கிறது: பூக்க வைப்பது பொசுபரசு, ஆகவே நடு எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. பையில் எழுதியிருக்கும் அந்த 30 தனிப் பொசுபரசு அல்ல, அதன் ஒட்சைட்டு. தனிப் பொசுபரசு அதில் சுமார் 13. அப்படியானால் 15 பங்கு நைதரசனுக்கு 13 பங்கு பொசுபரசு. ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தினர் கஞ்சாவைப் பூக்கும் பருவத்தில் சத்துத் தண்ணீரிலேயே வளர்த்துப் பார்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல விளைச்சலுக்கு வந்த கணக்கு லீட்டருக்கு 194 மில்லிகிராம் நைதரசன், 59 மில்லிகிராம் பொசுபரசு. மூன்றுக்கு ஒன்று. பொற்றாசியம் 60 தொடக்கம் 340 மில்லிகிராம் வரை எவ்வளவு இருந்தாலும் விளைச்சலில் மாற்றம் தெரியவில்லை. மண் சாடிக்கு அந்த எண்களை அப்படியே தூக்கிவர முடியாதுதான், விகிதத்தைப் பார்க்கலாம். பையின் மொழிக்கு மாற்றினால் 10க்கு 7 என்ற அளவில் வரும், 15க்கு 30 அல்ல. பூப்படம் போட்ட பசளைகள் எல்லாம் எதற்கு விற்கின்றன என்று கேட்டால், பூப்படத்துக்காகத்தான்.

மூன்றுக்கு வைத்தியம், ஒன்றுக்கு இல்லை

எல்லாவற்றையும் மாற்றுவோம் என்றபோது அண்ணை ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டார். "ஒண்டை அப்பிடியே விடு. நீ சொல்லுறது சரியோ எண்டு பாப்பம்." நான் கேட்கத் தயங்கியதை அவரே தந்தார். அந்த வாளி அவர் முறைப்படியே கடைசிவரை இருந்தது.

மற்ற மூன்றும் 4 லீட்டர்ச் சாடிகளுக்குப் போயின. சாடி சிறிதாக இருந்தால் வேர் தண்ணீரைக் குடித்து முடிக்கும், மண் காயும், காற்று உள்ளே வரும். வேரோடு ஒட்டிய சேற்றை உதிர்த்து, அழுகிய நுனிகளை நறுக்கி, புதிய கலவையில் வைத்தோம்: பையில் வரும் சாதாரண பொட்டிங் மிக்ஸ் ஆறு பங்கு, பேர்லைட் (பொரித்த எரிமலைக்கல்லின் லேசான வெள்ளைத் துகள்) மூன்று பங்கு, மக்கிய கொம்போஸ்ட் ஒரு பங்கு. பொட்டிங் மிக்ஸின் பெரும்பகுதி பீட் மொஸ், அதாவது சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி. அது இயல்பில் பிஎச் 4 அளவில் இருக்கும் அமிலப் பொருள். பையில் அடைக்கும்போதே சுண்ணாம்பு கலந்து சரிசெய்துவிடுவார்கள். வெறும் பீட் மொஸ் வாங்கிக் கலப்பவர்தான் தானே டொலமைற் சுண்ணாம்பு போட வேண்டும்.

கொம்போஸ்டுக்குப் பதிலாகக் கராஜ் ஓர மண்ணில் கொஞ்சம் போடுவோம் என்றார் அண்ணை. அதை மட்டும் விடாப்பிடியாக மறுத்தேன். கஞ்சா இனம் கட்மியம், ஈயம் போன்ற பார உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சித் தனக்குள் சேர்க்கக்கூடியது. அதனாலேயே செர்னோபில் அருகே மாசடைந்த நிலத்தைச் சுத்தப்படுத்த நாருக்காக வளர்க்கப்படும் அதே இனச் சணற்கஞ்சாவை நட்டுப் பார்த்தார்கள். பழைய வீட்டுச் சுவரோரம் உதிர்ந்த ஈயப் பெயின்ற், கார் நிறுத்திய இடத்து எண்ணெய், இரசாயனம் ஏற்றிய பழைய மரவேலி, இவற்றின் அருகே உள்ள மண் தக்காளிக்கே யோசிக்க வேண்டியது. புகையாக உள்ளே இழுக்கப்போகும் ஒன்றுக்கு வேண்டவே வேண்டாம்.

நட்டபின் அடியால் வடியும்வரை ஒரு தரம் தண்ணீர். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். பிறகு காத்திருப்பு. இதுதான் இந்த வைத்தியத்தின் கடினமான பகுதி. "தண்ணி விடாமல் தோட்டம் செய்யிறதெண்டால் அது என்ன தோட்டம்?" என்று அண்ணை கேட்டார். சும்மா இருக்க முடியாத ஆளுக்கு ஒரு வேலை வேண்டும். தினமும் காலையில் சாடியைத் தூக்கிப் பார்ப்பதை அவர் வேலையாக்கினோம். லேசாகத் தெரிகிற நாளில்தான் தண்ணீர். முதலில் நாலைந்து நாளுக்கு ஒரு தரம்தான் தேவைப்பட்டது. பசளை இரண்டு கிழமைக்குக் கிடையாது. பிறகு நைதரசன் கூடிய ஒன்றில் பையில் சொன்னதில் பாதி.

மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. இதைச் சொல்லாவிட்டால் நாலாம் நாளே "ஒண்டும் சரிவரேல்லை" என்று பழைய தூளை எடுத்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது குருத்தை மட்டும். பத்து நாள் அளவில் மூன்று செடிகளின் குருத்தும் இளம்பச்சையாய், நிமிர்ந்து வந்தன.

இடையில் தண்ணீரைப் பற்றி ஒரு வழக்கு. அண்ணை குழாய்த் தண்ணீரைப் பீப்பாயில் இரவு முழுக்கத் திறந்துவைத்து, குளோரின் பறந்தபின் ஊற்றுவார். ரொறன்ரோ நகரம் குளோரினோடு அமோனியா சேர்த்து குளோரமீனாகக் கொடுக்கிறது. அது ஓர் இரவில் அவ்வளவு எளிதாகப் பறக்காது. குடிதண்ணீரில் இருக்கும் அளவால் சாடிச் செடிக்குக் கெடுதல் தெரிவதும் இல்லை. ஆனாலும் பீப்பாயை வைத்திருக்கச் சொன்னேன். மே, ஜூன் மாதத்துக் குழாய்த் தண்ணீர் ஏரியின் குளிரோடு வரும். வெயிலில் ஒரு நாள் நின்றால் வேருக்கு இதம். காரணம் பிழை, பழக்கம் சரி.

ஜூலைக்குப் பிறகு

ஜூலை தொடக்கத்தில் மூன்றும் 30 லீட்டர்த் துணிச்சாடிகளுக்கு மாறின. துணியின் ஓரத்தில் காற்றுப்பட்ட வேர்நுனி காய்ந்து, உள்ளே புதுக் கிளை விடும்; பிளாஸ்ரிக் சுவரோரம் சுற்றிச் சுற்றி ஓடாது. ஆனால் துணி வேகமாகக் காயும். 30 பாகை வெயிலில், மார்பளவு வளர்ந்த செடி தினமும் தண்ணீர் கேட்டது, சில நாள் இரண்டு தரமும். அண்ணையின் பழைய பழக்கம் இப்போது சரியாகிவிட்டது! ஊரில் கற்றது பிழையில்லை, அதற்கான காலம் மே மாதம் இல்லை என்பதே விடயம். இந்தக் கட்டத்தில் ஆபத்து மறுபக்கம்: பீட் மொஸ் ஒரு தரம் எலும்பாய்க் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றுவது ஓரத்தால் வழிந்து அடியால் ஓடும், நடுவில் தூசி. அப்படி ஆன ஒன்றைப் பெரிய தொட்டியில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து மீட்டோம். மேலே வைக்கோல் பரப்பியபின் அந்தத் தொல்லை வரவில்லை.

கறுப்பு ஈக்கள் நாலாவது வாளியில் மட்டும் குடியிருந்தன. அவற்றின் புழு ஈர மண்ணின் பூஞ்சணத்தையும் இளவேரையும் தின்னும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தால் முட்டையிட இடமில்லை. மற்ற மூன்றிலும் அதுவே போதுமாயிருந்தது. அண்ணை வேப்பெண்ணெய் தெளிக்கப் பார்த்தார். நம்மவர்களுக்கு இயல்பாக வரும் யோசனைதான், ஆனால் கனடாவில் வேப்பெண்ணெய் பூச்சிநாசினியாகப் பதிவு செய்யப்பட்டதல்ல. எந்த எண்ணெயாக இருந்தாலும், எரித்துப் புகைக்கப்போகும் பூவில் தெளிக்கக்கூடாது.

ஓகஸ்டில் இரவு நீளத் தொடங்கியதும் பூ வந்தது. கஞ்சா இரவின் நீளத்தைப் பார்த்துப் பூப்பது. பின்கதவு விளக்கு இரவு முழுக்க எரிந்தால் குழம்பும், விளக்கை அணைத்தோம். செப்ரெம்பரில் கவனம் மண்ணைவிட்டு மேலே போனது. குளிர்ந்த இரவு, காலைப் பனி, நெருக்கமான பூ மூன்றும் சேர்ந்தால் சாம்பல் பூஞ்சணம் உள்ளிருந்து அழுக வைக்கும். பூவுக்குள் ஒற்றை இலை காரணமில்லாமல் காய்ந்து நின்றால் அங்கே விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு செடியின் இரண்டு கிளைகளை அப்படி வெட்டி எறிந்தோம். பூஞ்சணம் பிடித்ததைக் காயவைத்துப் பாவிக்கலாம் என்பது நுரையீரலோடு விளையாட்டு.

ஒக்ரோபரில், உறைபனி வருமுன், எல்லாம் முடிந்தது. சாடிகளைக் கவிழ்த்தோம். துணிச்சாடிகளில் வேர் மண் முழுக்க வெள்ளைவலையாய்த் துணிவரை ஓடியிருந்தது. கலவையைத் தட்டினாலும் உதிரவில்லை. நாலாவது வாளியின் செடி முழங்கால் உயரத்தோடு நின்றுபோயிருந்தது. கவிழ்த்தபோது அடிப்பாதி சேறாய்ச் சரிந்தது, வேர் மேல் ஒரு கையகலத்துக்கு மட்டும். சல்லிக்கற்கள் கழுவிவைத்ததுபோல் கிடந்தன, ஒரு வேரும் தொடவில்லை. அண்ணை கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "இந்த மண்ணை எறியிறதோ?" என்று கேட்டார்.

எறியத் தேவையில்லை. துணிச்சாடிக் கலவையின் பெரிய வேர்களை எடுத்துவிட்டு, வசந்தத்தில் நாலில் ஒரு பங்கு கொம்போஸ்டும் கொஞ்சம் சுண்ணாம்பும் பேர்லைட்டும் சேர்த்தால் அடுத்த ஆண்டுத் தக்காளிக்கு ஆகும். வாளிச் சேறு பின்வளவுப் பாத்திக்குப் போனது. அங்கே கீழே நிலம் இருக்கிறது, தண்ணீரை இழுத்துக்கொள்ளும்; மிஞ்சிய உப்பும் பனி உருகும் தண்ணீரோடு இறங்கிவிடும். ஒக்ரோபர் ஒன்ராறியோவில் உள்ளி ஊன்றும் மாதம் என்பதால், பாத்தியைக் கொத்தி உள்ளி போட்டோம்.